பக்கத்து வீட்டுத் தண்ணீரில் என் டீசல்

என் பழைய காரின் பாகங்களை நானேதான் கழற்றி டீசலில் கழுவுவேன். எந்த மெக்கானிக்கும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கழுவி முடித்த கறுப்பு டீசலைக் கொல்லைப்புறக் குழியில் ஊற்றிவிடுவேன். டீசலும் தொலையும், கொசுவும் சாகும் என்று நினைப்பு.

இன்று காலை பக்கத்து வீட்டு மேரி ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"பெரியப்பா, இத மோந்து பாருங்க. எங்க கைபம்புத் தண்ணி. புள்ளைக்குக் கஞ்சி வைக்கப் புடிச்சேன்."

"பம்புக்கு எண்ணெய் விட்டிருப்பீங்க," என்றேன்.

"நாங்க எதுக்கு விடப்போறோம்? மொதல்ல மோந்து பாருங்க."

மோந்தேன். டீசல்தான். எங்கள் கோட்டுச்சேரியில் பத்தடி தோண்டினால் தண்ணீர் வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

"நல்லவேள, புள்ள குடிக்கல," என்றாள்.

தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்து நானே கொண்டுபோய் வைத்தேன். தப்பு என்னுடையது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டு போர்வெல் அந்தக் குழிக்கு இன்னும் பக்கம். அந்தத் தண்ணீரில்தான் காலையில் காபி குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது.

கேனில் இன்னும் மூன்று லிட்டர் அழுக்கு டீசல் இருக்கிறது. குப்பை வண்டிக்காரர் தொட மாட்டேன் என்றுவிட்டார். காரைக்காலில் இதை யார் வாங்கிக்கொள்வார்கள்? இடம் மட்டும் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம்.