வெள்ளிக்கிழமைப் பாட்டு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூரைத் தகரத்தில் விழுந்த ஓட்டைகளை அடைத்தது. 2006 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மாயாண்டி ஏணியில் நின்றார். பிரியந்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு, தார் தோய்த்த துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினாள். ஒவ்வொரு துண்டையும் ஒட்டியபின் அவர் தகரத்தை விரல் மடக்கித் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். கண்ணால் பார்த்துத் திருப்திப்படுகிற ஆள் இல்லை அவர்.

"இன்னொரு துண்டு குடு பாப்பா. இது பொய் சொல்லுது."

ஏழு துண்டு போயிற்று. பின்னேர பஸ்ஸில் அவள் வேலை பார்க்கும் கண்டிக்குத் திரும்பினாள். பதினொரு நாள் கழித்து, வேலை முடிந்து தேயிலைத் தொழிற்சாலையின் படியில் இறங்கும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. வயது ஐம்பத்தெட்டு.

ஹட்டனுக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் அவர் முப்பத்தொரு வருடம் கொழுந்து அரைக்கும் இயந்திரங்களோடு இருந்தவர். இயந்திரம் நிற்பதற்கு ஒரு நாள் முன்பே, எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்வார். அந்தக் காதுதான் அவரைப் பாட்டிலும் மாட்டிவிட்டது.

தொண்ணூறாம் ஆண்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கரண்ட் இல்லை. கார் பேட்டரியில்தான் கெசட் பெட்டி பாடும், டிவி ஓடும். ஞாயிற்றுக்கிழமை பேட்டரியைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, ஹட்டன் கடையில் சார்ஜ் போட்டுக் கொண்டுவருவார்கள். அப்படிக் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு கெசட் ஓடியது. கண்டியில் நாலு பேர் சேர்ந்து நடத்திய ராக் குழு, பெயர் 'ஏழாம் வளைவு'. எந்தக் கம்பெனியும் எடுக்காததால் தாங்களே ஓர் அறையில் பதிவு செய்து, தாங்களே கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் மாயாண்டி கெசட்டை வாங்கிவிட்டார்.

அந்த மூன்றாவது பாட்டு 'கடைசி பஸ்'. பஸ்ஸைத் துரத்தி ஓடுகிற ஒருவனின் பாட்டு. துள்ளலான வேகம். ஞாயிறும் திங்களும் அது அப்படித்தான் பாடியது. வாரம் போகப் போக பேட்டரி இறங்கும். பெட்டியின் மோட்டாரில் வேகத்தை ஒரே அளவில் வைக்கும் பகுதி பழுதாகியிருந்ததால், பாட்டும் கூடவே இறங்கும். வெள்ளிக்கிழமை குரல் கனத்து, கிட்டார் தூரத்தில் எங்கோ கேட்கும். பஸ் போய்விட்டது, அவன் வெறும் ரோட்டில் நடந்து வருகிறான் என்று தோன்றும்.

மாயாண்டி வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருப்பார். மற்ற நாளில் வீட்டாரை டிவி பார்க்க விட்டுவிட்டு, அன்று மட்டும் பெட்டிக்கு முன்னால் உட்காருவார். மனைவி பேச்சியம்மா அடுப்படியிலிருந்து கேட்பார்: "என்னாங்க, ஒங்க பஸ்ஸு இன்னும் மேட்டுல ஏறலியா?" அவர் கையைக் காட்டி அடக்குவார்.

பிரியந்தி தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனாள். தொண்ணூற்றொன்பதில் முதல் விடுமுறைக்கு வந்தபோது, அப்பாவைச் சந்தோஷப்படுத்த நினைத்து, அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியைக் கழற்றினாள். புது மோட்டார் போட்டாள். பழையதை ஓடையில் எறிந்தாள். நாற்பது நிமிட வேலை. அன்று வெள்ளிக்கிழமை. அவர் வந்து போட்டுக் கேட்டார். பேட்டரி இறங்கியிருந்தும் பாட்டு ஞாயிற்றுக்கிழமை போலவே துள்ளியது. முழுப் பாட்டையும் கேட்டு முடித்து, "நல்லாப் பண்ணிருக்கம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் பெட்டிப் பக்கம் அதிகம் போகவில்லை. வயது காரணம் என்று அவள் நினைத்தாள்.

2003 ஆகஸ்டில் ஹட்டன் பஸ் நிலையச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'ஏழாம் வளைவு' பத்து வருடத்துக்குப் பிறகு பாடுகிறார்கள். ஆசிரியர் சங்க அறையில். மைக் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. மாயாண்டி மகளுக்குச் செய்தி அனுப்பி வரவழைத்தார்.

நாற்பது நாற்காலிகள். முன்னால் மூன்று பேர், இரண்டு மரக் கிட்டார், தட்டுவதற்கு ஒரு மரப்பெட்டி. நாலாவது ஆள் கனடாவில் என்றார்கள். பாடகர் குகநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் பள்ளிக்கூட வாத்தியார், தலை பாதி நரைத்திருந்தது. மூன்றடி தூரத்தில் அவர்களைப் பார்த்ததும் மாயாண்டிக்குக் கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. எந்த விரல் எங்கே போகிறது, மூச்சு எப்போது எடுக்கிறார்கள், காலை எதற்கு ஆட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பியில் விரல் வழுக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அவர் மகளின் கையைப் பிடித்தார்.

"வெரலு பாப்பா. இத்தன வருசமா கெசட்டுல கீறல்னு நெனச்சேன்."

'கடைசி பஸ்' வந்தது. துள்ளலாக, சுத்தமாக. எல்லாரும் கை தட்டினார்கள். மாயாண்டியும் தட்டினார், ஆனால் முகம் எதையோ கணக்குப் பார்த்தது. தான் இத்தனை காலம் ஆசைப்பட்டது இவர்கள் பாட்டிலா, பேட்டரியின் கோளாறிலா? கேட்டால் சிரிப்பார்கள். கேட்காவிட்டால் இனி எப்போது தெரியப்போகிறது?

வேறு என்ன பாட வேண்டும் என்று குகநேசன் கேட்டபோது அவர் எழுந்தார். 'கடைசி பஸ்' என்றார். அறை சிரித்தது.

"இப்பதானே ஐயா பாடினனாங்கள்."

"இல்லிங்க. இப்ப பாடுனது ஞாயித்துக்கெழமப் பாட்டு. எனக்கு வெள்ளிக்கெழமப் பாட்டு வேணும்."

பிறகு பேட்டரி கதையைச் சொன்னார். லயத்திலிருந்து வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குகநேசன் கிட்டாரை மடியில் படுக்கவைத்தார்.

"எவ்வளவு மெதுவா? ஒருக்கா தட்டிக் காட்டுங்கோ."

மாயாண்டி முன் நாற்காலியின் முதுகில் உள்ளங்கையால் தட்டினார். குகநேசன் கம்பிகளைத் தளர்த்தினார், தொண்டையைச் செருமினார், அந்தத் தட்டுக்குள் பாட ஆரம்பித்தார். முதல் அடியில் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. இரண்டாவதில் இல்லை. மரப்பெட்டிக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்தபோது யாருக்கும் கை தட்டத் தோன்றவில்லை.

"அப்பிடித்தான் இருந்ததோ?" என்று கேட்டார் குகநேசன்.

"கிட்ட வந்துருச்சிங்க. ஆனா பெட்டில கடைசி வரி இன்னும் தொய்யும்."

குகநேசன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். எவ்வளவு தொய்யும், குரல் உடையுமா, சொல் விளங்குமா என்று கேள்வி மேல் கேள்வி. தங்கள் பாட்டுக்குள் இப்படி ஒன்று இருந்தது தங்களுக்கே தெரியாது, இது யாருடையது என்று தனக்கும் சொல்லத் தெரியவில்லை என்றார். கடைசியில் தாளில் தன் வீட்டு விலாசத்தை எழுதி நீட்டினார். "அந்தப் பெட்டி பாடுறதை நான் கேக்கோணும் ஐயா."

மாயாண்டி தாளை வாங்கினார். "பெட்டி இப்ப நல்லாயிருச்சிங்க" என்றார். மகள் பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸில் அவள் கேட்டாள், மோட்டார் மாற்றிய அன்றே ஏன் சொல்லவில்லை என்று. அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நீ அம்புட்டு ஆசையா செஞ்ச. நல்லாப் பாடுற பெட்டியப் பாத்து என்னான்னு கொற சொல்றது?" பிறகு அவள் பக்கம் திரும்பி, "மறுபடி கெடுக்க முடியுமா பாப்பா?"

முடியும் என்றாள். ஒரே மாதத்தில் கண்டியில் ஒரு பழைய சாமான் கடையில் அதே மாதிரி தேய்ந்த மோட்டார் கிடைத்தது. பெட்டியை எடுத்துப்போக வந்தபோது அவர் விடவில்லை. பஸ்ஸில் நீ குலுக்கிடுவ, நானே கொண்டாறேன் என்றார். அவள் வேலை செய்கிற இடத்தில் உட்கார்ந்து, மோட்டார் மாற்றுவதைப் பார்த்து, அப்படியே குகநேசன் வீட்டுக்கு நடந்து போய்ப் போட்டுக் காட்ட வேண்டும். தபாலில் அனுப்புகிற விஷயம் இல்லையாம். கொழுந்து குறையட்டும் என்றார். புது இயந்திரம் பூட்டி முடியட்டும் என்றார். திருவிழா போகட்டும் என்றார். இரண்டரை வருடம் போயிற்று.

கருமாதி முடிந்த மறுநாள் பேச்சியம்மா அலமாரிக்கு மேலே கை காட்டினார். பிரியந்தி இறக்கிப் பார்த்தாள். கெசட் பெட்டி, அரிசிச் சாக்கில் சுற்றி, தூக்கிப் போக வசதியாக மேலே கயிற்றுப் பிடி வைத்துக் கட்டியிருந்தது. கயிற்றுக்குள் விலாசத் தாள். மார்ச் பத்தாம் தேதிக்கு லீவு கேட்டு எழுதிய கடிதம் ஒன்றும் இருந்தது. அதில் காரணம் என்ற இடத்தில், கண்டிக்குப் போய் ஒருவருக்கு ஒரு பாட்டுக் காட்ட வேண்டும் என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். கடிதத்தை அவர் இன்னும் ஆபீசில் கொடுக்கவில்லை.