வாக் ஓவர் கொடுக்காத கைசர் டீச்சர்

மந்தைவெளியில் இருக்கிற அந்தப் பெண்கள் பள்ளியின் கால அட்டவணையில் எல்லா வகுப்புக்கும் பி.டி. பீரியட் போட்டிருக்கும். போட்டிருப்பதோடு சரி. பரீட்சை நெருங்கிவிட்டால் கணக்கு டீச்சர் சிரித்த முகத்தோடு வந்து, "ஒரே ஒரு பீரியட் குடுங்க" என்பாள். மறுநாள் சயின்ஸ் டீச்சர் வருவாள். பி.டி. பீரியட் என்றால் ஊருக்குப் பொதுச் சொத்து என்று யார் சொன்னார்களோ தெரியாது. எல்லாப் பள்ளியிலும் இதே கூத்துதான். கணக்கு பீரியடை ஒருநாள் கோகோவுக்குக் கொடுத்த கணக்கு டீச்சரை இந்தச் சென்னையில் யாராவது காட்டினால், நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சர் கைசர் ஜஹான் கொடுக்க மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் மட்டும் தெரியாமல் கொடுத்தாள். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும், "என் கிளாஸ் நடந்துகினு கீது டீச்சர்" என்று விசிலை வாயில் வைத்துக்கொள்வாள். விசில் வாயில் இருக்கிறவளோடு யார் வாதம் செய்ய முடியும்?

சிந்தாதிரிப்பேட்டைக்காரி. அவளுடைய அப்பா அக்பர் பாஷா காருக்கு சீட் கவர் தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் தமிழ், கல்லூரியில் நானூறு மீட்டர் ஓட்டம். ஓடியதற்குக் கிடைத்த மெடல்கள் பீரோவுக்குள் இருக்கின்றன. கணவர் அஃப்தாப், பெண்டாட்டி விசில் ஊதிச் சம்பாதிக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வார். தினமும் பறக்கும் ரயிலில் ஏறி மந்தைவெளியில் இறங்குவாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஐம்பதை நெருங்குகிறாள். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பங்குனி வந்துவிட்டால் அந்தக் குரலுக்கு ஓய்வே கிடையாது. வருஷக் கடைசியில்தான் பள்ளிக்கூடத்துக்கு எல்லா உற்சாகமும் பொத்துக்கொண்டு வரும். கண்காட்சி, சுற்றுலா, பேச்சுப் போட்டி, கடைசியில் ஆண்டு விழா. வண்டலூருக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் புலியைப் பார்க்கிறவர்கள் மற்ற டீச்சர்கள். தலையை எண்ணுகிறவள் கைசர். ஆண்டு விழாவில் மேடையில் நிற்கிறவர்கள் மற்றவர்கள். கடைசி வரிசையில் நின்று, "ஏய், அங்க இன்னா சத்தம்?" என்கிறவள் கைசர். அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்.

போன வருஷம் அவளுடைய கோகோ அணி அரையிறுதி வரைக்கும் போயிற்று. அடையாறில் ஒரு விளையாட்டுக் கழகம் வருஷா வருஷம் பள்ளிகளுக்கு நடத்துகிற போட்டி அது. அரையிறுதி அன்றைக்குக் கணக்கு டீச்சர் ரிவிஷன் டெஸ்ட் வைத்து இரண்டு பெண்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். கோகோவில் ஒன்பது பேர் இல்லாமல் களத்தில் இறங்க விடமாட்டார்கள். ஏழு பேரோடு போய் நின்றாள் கைசர். எதிரணி வரிசையாக நின்றது. நடுவர் விசில் ஊதினார். வாக் ஓவர் என்றார். முடிந்தது. ஒரு பெண் ஒரு அடிகூட ஓடவில்லை, தோற்றாயிற்று. திரும்பி வரும்போது ரயிலில் ஏழு பேரும் அழுதார்கள். கைசர் அழவில்லை. அவளுக்கு வந்தது அவமானமும் ஆத்திரமும். ஆடித் தோற்றால் தூக்கம் வரும், ஆடாமல் தோற்றால் எப்படி வரும்? இனி என் உயிர் இருக்கும் வரை இந்தப் பள்ளிக்கூடம் வாக் ஓவர் கொடுக்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

இந்த வருஷம் அணி இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டது. வந்த பிறகுதான் வேடிக்கை. இறுதிப் போட்டியும் ஆண்டு விழாவும் ஒரே நாள். போதாக்குறைக்கு, அணியிலிருந்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேருக்கு அம்மை போட்டிருந்தது. ஒருத்தி குடும்பத்தோடு திருப்பதி போய்விட்டாள். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பது இதுதான். மிச்சம் சரியாக ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருத்தி அனன்யா. ஒன்பதாம் வகுப்பு. அணியில் அவளைப் போல ஓடுகிறவள் கிடையாது. அந்த அனன்யாதான் ஆண்டு விழா வரவேற்பு நடனத்திலும் நடுவில் நிற்கிறவள். அவளுடைய அம்மா வசுமதி, அதே பள்ளியின் பாட்டு டீச்சர், நடனத்துக்கும் அவள்தான் பொறுப்பு.

அனன்யாவைப் போட்டிக்கு அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியையிடம் கேட்டதற்கு, "வசுமதி சரின்னா எனக்குச் சரி" என்று கையைக் கழுவிவிட்டாள். கைசர் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. நேராக அபிராமபுரம் போய் வசுமதி வீட்டு மணியை அழுத்தினாள்.

"வாங்கோ கைசர். என்ன இவ்ளோ தூரம்? நாளைக்கு ஸ்கூல்லயே பேசியிருக்கலாமே."

"ஸ்கூல்ல கேட்டா முடியாதுன்னு சொல்லிட்டுப் போய்க்கினே இருப்பீங்க டீச்சர். வூட்டாண்ட வந்தா காபியாவது குடுத்துட்டு முடியாதும்பீங்க."

வசுமதி சிரித்துவிட்டுக் காபி கொண்டுவந்தாள். காபியைக் கையில் கொடுத்த கையோடு, "முடியாது" என்றாள். "அனன்யா நடுவுல நின்னுண்டு ஆடறவ. அவ இல்லேன்னா மத்த கொழந்தைகள் எங்க திரும்பறதுன்னே தெரியாம முழிக்கும்."

"மேட்ச்சு மூணு மணிக்கு. விழா அஞ்சுக்கு. நடுவுல எவ்ளோ நேரம் கீது."

"அடையாறுலேர்ந்து வரணுமே. ஊர் பூரா மெட்ரோக்குத் தோண்டிப் போட்டிருக்கான்."

"ரயில்ல வந்துடுவேன். அது இல்லாம, நம்ம ஸ்கூல்ல எந்த வருஷம் டீச்சர் அஞ்சு மணி விழா அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சுது? சீஃப் கெஸ்ட்டு அன்னிக்குன்னு நேரத்துக்கு வந்துடப் போறாரா?"

போன வருஷம் சிறப்பு விருந்தினர் வந்து சேரும் வரை பிள்ளைகள் சத்தம் போடாமலிருக்க வசுமதிதான் பாடிக்கொண்டிருந்தாள். "ஆமா, எனக்குத் தொண்டையே கட்டிடுத்து" என்றாள். இந்தப் பள்ளியில் படித்தவர்கள், வேலை பார்க்கிறவர்கள், வாசலில் ஐஸ் விற்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆண்டு விழா அழைப்பிதழில் ஐந்து என்று போட்டால் ஆறு என்று படிக்க வேண்டும்.

கூடத்து ஓரத்தில் அனன்யா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா அவளைப் பார்த்தாள், பிறகு கைசரைப் பார்த்தாள்.

"சரி. ஆனா டான்ஸ் ஆரம்பிக்கறச்சே அவ மேடையில இருக்கணும். வாக்கு குடுங்கோ."

"குடுத்தேன் டீச்சர்."

வாக்குக் கொடுத்தபோது அவள் நம்பித்தான் கொடுத்தாள். இருபது வருஷப் பழக்கம் பொய்யாகும் என்று யார் நினைப்பார்கள்?

அன்றைக்கு ஆண்கள் போட்டி இழுத்துக்கொண்டே போனது. மூன்று மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய பெண்கள் இறுதிப் போட்டி நான்கு தாண்டித்தான் ஆரம்பித்தது. கைசர் கவலைப்படவில்லை. ஆறு மணிக் கணக்கில் பார்த்தால் நேரம் தாராளமாக இருந்தது. பெண்கள் புயலாக ஆடினார்கள். கடைசி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. இவர்கள் ஓட வேண்டும், எதிரணி துரத்த வேண்டும். அந்த இடைவேளையில் போன் அடித்தது. வசுமதி.

"கைசர், வந்துட்டார்."

"யாரு டீச்சர்?"

"சீஃப் கெஸ்ட். அனந்தராமன்னு நேவில இருந்தவராம். அஞ்சுன்னா அஞ்சாம். நாலே முக்காலுக்கே கேட்டாண்ட நின்னுண்டு வாட்ச்சைப் பாத்துண்டிருக்கார். மேடத்துக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. தமிழ்த்தாய் வாழ்த்து, கடவுள் வாழ்த்து, அடுத்தது டான்ஸ்தான். எங்க இருக்கேள்?"

கைசர் களத்தைப் பார்த்தாள். பெண்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அனன்யா பின்னலை இறுக்கிக் கட்டிக்கொண்டு இவளையே பார்த்தாள்.

"அம்மாவா டீச்சர்? போகணுமா?"

அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் எட்டுப் பேர். மறுபடியும் விசில், மறுபடியும் வாக் ஓவர். கூட்டிக்கொண்டு போகாவிட்டால், வீடு தேடிப் போய்க் கொடுத்த வாக்கு காற்றில் போகும். கைசர் யாரிடமும் வாக்குத் தவறியவள் இல்லை. அந்த நிமிஷம் அவளுக்கு இரண்டு பக்கமும் இடிதான். ஆனால் ஒரு இடியைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளலாம், இன்னொன்று ஒன்பது பிள்ளைகள் தலையில் விழும். போனைக் காதில் இறுக்கிக்கொண்டாள்.

"டீச்சர், உங்களுக்குக் குடுத்த வாக்கு தப்பிப்போச்சு. தப்பு என்னுது. அனன்யா இப்ப வர மாட்டா. ஒரு ஆட்டம் பாக்கி கீது. திட்றதெல்லாம் வந்தப்புறம் திட்டுங்க, நின்னு வாங்கிக்கிறேன்."

அந்தப் பக்கம் மண்டபத்து மைக்கில் யாரோ 'ஹலோ ஹலோ' என்பது கேட்டது. பிறகு வசுமதி கேட்டாள்.

"எவ்ளோ நாழி ஆகும்?"

"இந்த ஆட்டம். அப்புறம் ரயில்."

"கீழ விழாம ஓடச் சொல்லுங்கோ" என்று போனை வைத்துவிட்டாள்.

"போவேணாம். ஓடு" என்றாள் கைசர்.

ஓடினார்கள். மும்மூன்று பேராக இறங்க, எதிரணி ஒவ்வொருத்தியாகத் தொட்டு வெளியேற்றிக்கொண்டே வந்தது. கடைசி மூவர் இறங்கியபோது எதிரணி இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தது. மூன்று பேரையும் பிடித்தால்தான் அவர்களுக்குக் கோப்பை. ஒருத்தி போனாள். அடுத்தவளும் போனாள், சமம். அனன்யா தனியாக ஓடினாள். வளைந்தாள், நெளிந்தாள், கை படாமல் நழுவினாள், ஒரு முறை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு விழுந்து எழுந்தாள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்து விசிலை உதட்டுக்குக் கொண்டுபோன நேரத்தில், கம்பத்தருகே ஒரு கை அனன்யாவின் முதுகைத் தொட்டுவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

பெண்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அழறதெல்லாம் ரயில்ல வெச்சுக்கலாம்" என்றாள் கைசர். "எழுந்திரு. கஸ்தூரிபா நகர் ஸ்டேஷன் வரைக்கும் ஓடு."

மண்டபத்தில் நடந்ததை அவள் பிறகுதான் கேள்விப்பட்டாள். கடவுள் வாழ்த்து என்றால் வழக்கமாக ஒரு பாட்டு. வசுமதி பிள்ளையாரில் ஆரம்பித்தாள். பிள்ளையாரை முடித்து முருகனுக்குப் போனாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் முழித்தன, கண்ணைக் காட்டி அவர்களையும் பாட வைத்தாள். அம்பாள் வந்தாள். பிறகு மும்மதப் பிரார்த்தனை என்று சொல்லி ஏசுவுக்கு ஒன்று, அல்லாவுக்கு ஒன்று. தலைமையாசிரியை இருமிப் பார்த்தாள், கையைக் காட்டிப் பார்த்தாள். வசுமதி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பிரார்த்தனை நடக்கும்போது யார் உட்கார முடியும், யார் நிறுத்து என்று சொல்ல முடியும்? கிட்டத்தட்ட அரை மணி நேரம் மண்டபமே நின்றது. அந்த நேவிக்காரர் முதல் வரிசையில் ஆடாமல் அசையாமல் விறைப்பாக நின்றாராம். நேரத்துக்கு வந்ததற்கு அவருக்குக் கிடைத்த மரியாதை அது.

பக்கவாட்டுக் கதவில் புழுதியோடு அனன்யா தலை தெரிந்த பிறகுதான் வசுமதி கண்ணைத் திறந்து மங்களம் பாடினாள். இறங்கி வந்தபோது குரல் கம்மிவிட்டிருந்தது. கைசர் திட்டு வாங்கத் தயாராக நின்றாள். வசுமதி மகளை நாற்காலியில் உட்கார வைத்துச் சலங்கையை எடுத்தாள்.

"காலக் காட்டுடி" என்றாள். டிராக் பேண்ட் கிழிந்திருந்த முழங்காலில் ரத்தத்தை முந்தானையால் துடைத்தாள். "ஆட முடியுமோ?"

"முடியும்மா."

நடன உடையை டிராக் பேண்ட்டுக்கு மேலேயே சுற்றிவிட்டு மேடைக்கு அனுப்பினாள். அனன்யா ஆடினாள். முகத்தில் மண் அப்படியே இருந்தது. இடது கால் கொஞ்சம் நொண்டியது. நடுவிலிருந்து நகரவே இல்லை.

பிறகு ஆண்டறிக்கை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பேச்சுப் போட்டிப் பரிசு, வினாடி வினா எல்லாவற்றையும் வாசித்த தலைமையாசிரியை கோகோவுக்கு வந்தாள். "நமது அணி இறுதிப் போட்டியில் கலந்துகொண்டது" என்று அச்சடித்திருந்தது. அதை வாசித்துவிட்டு நிமிர்ந்து, கடைசி வரிசையில் நின்ற கைசரைப் பார்த்தாள்.

"கைசர் டீச்சர், முடிவு என்னாச்சு? மேடைக்கு வந்து சொல்லுங்க."

இருபது வருஷத்தில் அந்த மேடையில் அவள் பேசியதில்லை. ஒன்பது பேரையும் இழுத்துக்கொண்டு ஏறினாள். பெண்கள் தலை குனிந்து நின்றார்கள். கைசர் மைக்கைப் பிடித்தாள்.

"தோத்துட்டோம்" என்றாள். "ஒரு பாயிண்ட்டுல. போன வருஷம் ஆடாம தோத்தோம். இந்த வருஷம் என் ஒன்பது பொண்ணுங்களும் ஆடித் தோத்துக்கீறாங்க. தலைய நிமித்துங்கடி."

நிமிர்த்தினார்கள்.