சாய்ந்த வீட்டு ஜோக்

விரோட் எங்கள் சுற்றுலாச் சாப்பாட்டுப் படகில் பரிமாறுகிறவனாகத்தான் சேர்ந்தான். வர்ணனை சொல்கிறவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. "வாய் ஓயாதவன் நீதானே, போய்ப் பேசு" என்று மேனேஜர் மைக்கை அவன் கையில் திணித்தார். அன்று பிடித்ததை அவன் விடவேயில்லை. அடுப்படியில் இறால் சுடும் எனக்கே அவன் பேச்சு மனப்பாடம்.

பொழுது சாயும்போது பாங்காக் துறையிலிருந்து கிளம்புவோம். அருண் கோயிலைத் தாண்டியதும் தோன்புரிக் கரையில் ஒரு மரவீடு, ஆற்றுப்பக்கம் சாய்ந்தபடி நிற்கும். அங்கேதான் அவனுடைய பெரிய ஜோக்.

"அந்த வீட்டுக்காரர் ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்குகிறவர். அதனால்தான் வீடு சாய்ந்துவிட்டது. திரும்பிப் படுத்தால் ஆற்றில்தான்! கையை ஆட்டி எழுப்பி விடுங்கள்!"

ஆங்கிலத்திலும் சீனத்திலும் சொல்வான். மேல்தளமே சிரித்துக் கையாட்டும். அந்த ஜன்னலிலிருந்தும் ஒரு கை ஆடும். அதைப் பார்த்ததும் சிரிப்பு இரட்டிப்பாகும். டிப்ஸும் அப்படித்தான்.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒருநாள் படகில் வெளிநாட்டார் குறைவு. பெரும்பாலும் நம் தாய்லாந்து ஜனங்கள். அதனால் விரோட் எங்கள் தாய்லாந்து மொழியிலேயே பேசினான். கம்பியோர மேஜையில் லம்யாய் என்றொரு அம்மாள். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். பிறந்தநாளுக்கென்று மகள் கூட்டி வந்திருந்தாள். தோன்புரிக் கரை நெருங்கியதுமே அந்த அம்மாள் எழுந்து, கையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றாள்.

விரோட் ஜோக்கைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளின் கை மட்டும் பாதியில் நின்றுவிட்டது. கூச்சம் என்று நினைத்தானோ என்னவோ, மைக்கோடு அவள் பக்கத்தில் போனான்.

"என்னக்கா நின்னுட்டீங்க? நல்லா ஆட்டுங்க, அவரு முழிச்சுக்கட்டும்!"

"அவரு முழிச்சுத்தான் இருக்காரு தம்பி. அது எங்க வீடு."

மைக் அதை எல்லா மேஜைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. "உக்காரும்மா" என்று மகள் அடக்கிய குரலில் சொல்லி, அம்மாவின் தோள்துணியைப் பிடித்து இழுத்தாள். ஜன்னலில் அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது. படகில் ஒருவரும் ஆட்டவில்லை.

இறங்கும் நேரத்தில் விரோட் அவர்கள் மேஜைக்குப் போய்க் கைகூப்பினான்.

"மன்னிச்சிருங்கக்கா."

"தெனமும் இதைத்தான் சொல்லுவீங்களா?"

"இல்லக்கா. இன்னிக்குத்தான், ஏதோ வாய்க்கு வந்துச்சு."

"அப்பச் சரி. எங்க வீட்டுக்காரரு பக்கவாதத்துல விழுந்து நாலு வருஷமாச்சு. வலது பக்கம் வராது. உங்க படகுக்காரங்க சிரிச்சுட்டுக் கை காட்டுறாங்கன்னு இடது கையை ஆட்டுவாரு. அந்த நேரத்துக்காகத்தான் சட்டை மாத்தச் சொல்லுவாரு."

அந்தப் பொய்தான் அவனை அரித்தது. ஜோக்கைச் சொன்னபோதாவது தெரியாமல் சொன்னான். இதைத் தெரிந்தே சொன்னான். இரண்டு நாள் அந்த வீட்டருகே வாயே திறக்கவில்லை. வாய் திறக்காததால் படகிலும் யாரும் கையாட்டவில்லை. ஜன்னல் கை கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு இறங்கியது.

மூன்றாம் நாள் காலை ஆரஞ்சுப் பையோடு அக்கரை போனான். லம்யாய் வாசலிலேயே மறித்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது பொய். தெனமும்தான்..."

"எம் மவ அன்னிக்கே சொல்லிட்டா. உங்க ஜோக்கைப் பத்தி வெளிநாட்டுக்காரங்க எழுதிவெச்சதைப் போன்ல படிச்சிருக்கா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரு காதுல விழுந்துடப் போவுது. எங்கிட்ட கொட்டிட்டு நீ லேசாப் போயிடலாம்னு பாக்காத. போ. சாயங்காலம் கையை மட்டும் ஆட்டச் சொல்லு."

ஆரஞ்சை அவள் வாங்கவில்லை. உள்ளேயிருந்து, "யாரு?" என்று குழறலாக ஒரு குரல். "வழி கேக்குறாங்க" என்றாள்.

அன்று மாலை, "இடது பக்கம் ஒருவர் நமக்காகக் காத்திருக்கிறார், கையாட்டுங்கள்" என்று மட்டும் சொன்னான். ஆட்டினார்கள். ஜன்னலிலும் ஆடியது. நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். விரோட் கரைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான், காதெல்லாம் சிவந்து.

மாதம் முடிவதற்குள் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி தட்டு ஏந்த வந்துவிட்டான். "பைத்தியமாடா உனக்கு?" என்றார் மேனேஜர். அவன் என் அடுப்படியிலிருந்து இறால் தட்டை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்கு ஏறினான்.