உப்புக்கொத்தியின் நடனம்

நான்கு வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்து ஒரு சனிக்கிழமை காலை. சாவகச்சேரிக்குத் தெற்கே, கடல்நீரேரி வற்றி, சேறு காய்ந்து, உப்புப் பூத்துக் கிடக்கும் தரவையில் நான் கமராவும் கையுமாகக் குப்புறப் படுத்துக் கிடந்தேன். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த படத்தை எடுத்துக்கொண்டிருப்பதாக நினைப்பு. அந்த நினைப்பு ஒன்றரை நாள்தான் தாங்கியது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் மூக்குடைபட்ட கதை விளங்காது. நான் கொக்குவிலில் இருக்கும் ஒரு கணித ஆசிரியர். கொப்பிகளில் சிவப்புப் பேனையால் கோடு போட்டே பழகிய கை. கனடாவில் இருக்கும் மைத்துனர் கமரா ஒன்றைக் கொண்டுவந்து தந்த நாளிலிருந்து பறவைப் பைத்தியம் பிடித்தது. என்னைப்போல் இன்னும் ஆறு பேர் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். மாதத்தின் கடைசி ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் கூடி, அவரவர் எடுத்த படங்களைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்ப்போம். என் மனைவி தேநீரும் வடையும் தருவா.

எந்தப் படம் வந்தாலும் எல்லோரும் ஒரே குரலில் "சுப்பர்" என்பார்கள். கொக்கின் தலை வெட்டுப்பட்டிருந்தாலும் சுப்பர். கொக்கே இல்லாமல் மரம் மட்டும் இருந்தாலும் சுப்பர்தான். எனக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் ஒவ்வொரு படத்துக்கும் குறைந்தது ஒரு பிழையாவது சொல்லவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவன் நான்தான். அதோடு நிற்காமல் பத்துக்கு எத்தனை என்று புள்ளியும் போடத் தொடங்கினேன். ஆறுக்கு மேல் யாருக்கும் கொடுத்ததாக ஞாபகம் இல்லை. அடிவானம் சரிவு, கண்ணில் கூர்மை இல்லை, பின்னணி குப்பை என்று ஒவ்வொன்றாக அடுக்குவேன். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

குழுவில் ஒருவர் யாழ்ப்பாண நகரில் தையற்கடை வைத்திருப்பவர். என் வயதுதான் இருக்கும். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் எல்லோருக்கும் அவர் நானா. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் எல்லாம் வெளியேற்றப்பட்டபோது சிறு பிள்ளையாகப் புத்தளத்துக்குப் போய், அங்கே வளர்ந்து, பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்தவர். கதை குறைவு. அவர் ஒருமுறை ஒரு கரிச்சான் குருவியின் படம் காட்டினார். இடிந்த சுவரின் மேல் குருவி வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. "நானா, குருவி பரவாயில்லை. ஆனால் உந்த இடிஞ்ச சுவர் படத்தைக் கெடுக்குது. பத்துக்கு நாலு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே "ஓம் சேர்" என்றுவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அது அவர் பிறந்த வீட்டின் சுவர் என்று பல மாதங்கள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் வடை சாப்பிட்டுக்கொண்டு புள்ளி எழுதினேன்.

சரி, தரவைக்கு வருகிறேன். அந்தச் சனிக்கிழமை ஒரு நல்ல இடம் பார்த்துப் பையை வைத்து நிமிர்ந்தேனோ இல்லையோ, எனக்கு முன்னால் பத்தடி தூரத்தில் ஓர் உப்புக்கொத்தி வந்து இறங்கியது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் குருவி, மண் நிறத்து முதுகு, வெள்ளை வயிறு. சாதாரணமாக மனிதரைக் கண்டால் குடுகுடுவென்று ஓடிவிடும். இது ஓடவில்லை. வாலை விசிறியாக விரித்தது, ஒரு சிறகை நிலத்தில் இழுத்தது, ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது, எழும்பி மறுபடி விழுந்தது. இடையிடையே மெல்லிய குரலில் கத்தியது. இது துணையைக் கவர ஆடும் நடனம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு அப்படியே மண்ணில் விழுந்து படம் எடுக்கத் தொடங்கினேன்.

இன்னும் கிட்டப் போகலாம் என்று எழும்பிப் பின்னால் போனால் அது கொஞ்ச தூரம் தத்தித் தத்திப் போய், பிறகு பறந்துவிடும். சலித்துப்போய்ப் பையடிக்குத் திரும்பி வந்தால், திரும்பவும் எனக்கு முன்னால் வந்து ஆட்டம். குருவிக்கு என்னைப் பிடித்துவிட்டது என்றுகூட நினைத்தேன். இப்படியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. முந்நூறு படங்கள். வெயில் முதுகைச் சுட்ட பிறகுதான் எழும்பினேன். குழுவுக்கு இடத்தைக் காட்டவேண்டும் என்று என் பை, தண்ணீர்ப் போத்தல், தொப்பி எல்லாம் தெரியத் தரையைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து அங்கிருந்தே அனுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி சேறு அப்பிய என் சட்டையை ஏற இறங்கப் பார்த்தா. "உந்தச் சேட்டை ஆர் தோய்க்கிறது?" என்றுமட்டும் கேட்டா.

மறுநாள் ஞாயிறு கூட்டம். விரித்த சிறகும் சாய்ந்த தலையுமாக அந்தப் படம் தொலைக்காட்சி நிறைய வந்து நின்றபோது எல்லோரும் கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள். அதற்கு "ஆனந்தத் தாண்டவம்" என்று பெயர் வைத்திருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். குழுவில் உள்ள, வங்கியில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர், எங்கள் குழு நடத்த இருந்த முதற் கண்காட்சியில் இதைத்தான் வாசலில் பெரிதாக மாட்டவேண்டும் என்றார். அதற்கும் மேலாக, திங்கட்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை, காலையிலேயே எல்லோரும் தரவைக்குப் போய் இதே நடனத்தை எடுப்பது என்று முடிவாயிற்று.

நானா மட்டும் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நானா, சட்டம் தெரியுந்தானே. ஒரு பிழையாவது சொல்லவேணும்" என்று சீண்டினேன். "படத்திலை பிழை ஒண்டும் இல்லை சேர்" என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

எல்லோரும் போய்விட்டார்கள். நானா மட்டும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு வாசலில் தயங்கி நின்றார்.

"சேர், அங்கை எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தனீங்கள்?"

"ஒரு மணித்தியாலத்துக்கு மேலை. ஏன்?"

"நல்ல வெயில் என்ன?" என்றுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "அது ஆடேல்லை சேர். உங்களைப் போகச் சொல்லிக் கெஞ்சியிருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தில் அப்படி இல்லை, எல்லாக் குருவியும் அப்படிச் செய்யாது என்று வாதாடத் தொடங்கினேன். உண்மையில் நான் எந்தப் புத்தகத்தையும் பார்த்திருக்கவில்லை. எந்தப் புத்தகம் என்று அவர் கேட்கவில்லை. நான் முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்.

"புத்தளத்திலை எங்கடை வாப்பா உப்பளத்திலை வேலை செய்தவர் சேர். நாங்கள் சின்னப் பிள்ளையள் இதைத் துரத்திக்கொண்டு திரிஞ்சனாங்கள். செட்டை முறிஞ்ச மாதிரி நடிக்கும். பிடிக்கலாமெண்டு நாங்கள் பின்னாலை போவம், முட்டையை விட்டு எங்களைத் தூரக் கொண்டுபோய் விட்டிட்டுப் பறந்திடும். வாப்பாதான் ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினவர். வெயில் ஏறினால் அது ஓடிப்போய் வயித்தைத் தண்ணியிலை நனைச்சுக்கொண்டு வந்து முட்டையிலை குந்தும், சூடு ஆறுறதுக்கு."

நான் கைத்தொலைபேசியை எடுத்தேன். அவர் சொல்வது பிழை என்று காட்டத்தான் எடுத்தேன், பொய் சொல்லவில்லை. முதல்நாள் அனுப்பிய அந்தத் தரைப் படத்தை விரித்து விரித்துப் பெரிதாக்கினேன். பை. போத்தல். போத்தலில் இருந்து இரண்டு சாண் தள்ளி, கரும்புள்ளி விழுந்த மண் நிறத்தில் மூன்று கூழாங்கற்கள். அந்தத் தரவையில் கூழாங்கல்லே கிடையாது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் பையடிக்குத் திரும்பிய ஒவ்வொரு முறையும் அது ஏன் ஓடி ஓடி வந்தது என்று அப்போது விளங்கியது. ஒரு மணித்தியாலம் அந்த முட்டைகள் வெறும் வெயிலில் கிடந்திருக்கின்றன. தாய் எனக்கு முன்னால் விழுந்து விழுந்து எழும்பியிருக்கிறது. நான் அதற்குக் கண்ணில் கூர்மை சரியா என்று பார்த்திருக்கிறேன்.

"இதை ஏன் நானா எல்லாருக்கும் முன்னாலை சொல்லேல்லை?" என்று கேட்டேன். என் குரலில் கோபம் இருந்தது. அவர்மேல் இல்லை என்றாலும் அவரிடம்தான் காட்டினேன்.

"சொன்னால் நீங்கள் வாதாடுவியள் சேர். உங்களோடை வாதாடி ஆர் வெண்டது? அதுக்குள்ளை விடிஞ்சு, ஏழு பேரும் அங்கை போய் நிப்பம்." சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆறு மணி ஆகியிருந்தது. காலையில் ஐந்து பேர் புறப்படக் காத்திருக்கிறார்கள், இடமும் எல்லோருக்கும் தெரியும். எனக்குக் காய்ச்சல், நாளை போகவில்லை என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் யோசித்தேன். நான் போகாவிட்டால் என்ன, அவர்கள் போவார்கள். அழித்துவிட்டு உண்மையை எழுதினேன். தாண்டவமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை, நான் ஒரு தாயின் கூட்டுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்திருக்கிறேன், தயவுசெய்து ஒருவரும் போகவேண்டாம், இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் நானா, என்று. இருபது வருடம் மற்றவர் பிழைகளைத் திருத்தியவனுக்கு அந்த நாலு வரி எழுத அரை மணித்தியாலம் பிடித்தது. நானா வாசற்படியில் குந்தியிருந்து, எழுதி முடியும்வரை போகாமல் இருந்தார்.

பத்து நிமிடத்தில் மறுமொழிகள் வரத் தொடங்கின. முதலாவது அந்த வங்கித் தங்கச்சியிடமிருந்து வந்தது: "சேர், உங்களுக்கு நீங்களே பத்துக்கு எத்தனை போடுவியள்?" பூச்சியம் என்று பதில் போட்டேன். ஐந்து பேரும் "சுப்பர்" என்று எழுதினார்கள்.

மறுநாள் காலை நானாவும் நானும் மட்டும் அவருடைய மோட்டார்சைக்கிளில் போனோம். கமரா கொண்டுபோகவில்லை. தரவைக்குள் இறங்காமல் தெருக்கரையிலேயே நின்று, அவருடைய பழைய தொலைநோக்கியால் பார்த்தோம். என் உடம்பு கிடந்த தடம்கூட அங்கே தெரிந்தது. குருவியைக் காணவில்லை. கால் மணித்தியாலம் போயிற்று, அரை மணித்தியாலம் போயிற்று. தொலைநோக்கியை மாறி மாறி வாங்கிப் பார்த்தோம். அப்போது தண்ணீர்க் கரையிலிருந்து ஒரு சின்ன உருவம் ஓடி, நின்று, ஓடி, நின்று வந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் வயிற்றை இரண்டுமுறை அசைத்துச் சரிசெய்துகொண்டு குந்தியது. நானா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆம்பிளைகள் தெருக்கரையில் கண் கலங்கி நின்றதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி போனோம். தாய் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தோம். சின்னப் பள்ளம் வெறுமையாக இருந்தது, ஒரு ஓட்டுத் துண்டுகூட இல்லை. உப்புக்கொத்திக் குஞ்சுகள் பொரித்த அன்றைக்கே எழும்பி நடந்துவிடும், அப்படிப் போயிருக்கலாம். காகமோ நாயோ கொண்டுபோயிருக்கலாம். அந்த வெயிலில் முட்டை முன்னமே கெட்டும் போயிருக்கலாம்.

"எல்லாம் பொரிச்சு நடந்து போயிருக்கும் சேர்" என்றார் நானா, என் முகத்தைப் பார்க்காமல். அவருக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும். பிழையைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற எங்கள் சட்டத்தின்படி அவர் சொன்னது செல்லாது. நான் ஒன்றும் திருத்தவில்லை. "ஓம் நானா" என்றேன். திரும்பி வரும் வழியில் அந்தக் கரிச்சான் படத்தை எனக்கு இன்னொருமுறை காட்டுவீர்களா என்று கேட்டேன்.

கண்காட்சி நடந்தது. "தாண்டவம்" அதில் இல்லை. படத்தை நான் அழிக்கவில்லை. யாராவது என் படங்களைப் புகழ்ந்து நான் கொஞ்சம் உயரத் தொடங்கும்போது திறந்து பார்த்துக்கொள்கிறேன். உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவும், சொல்லாமல் விட வேண்டிய இடத்தில் என் முகத்தைப் பார்க்காமல் "நடந்து போயிருக்கும்" என்று சொல்லவும் தெரிந்த ஒரு நண்பன் எனக்குக் கிடைத்தான் என்று நினைக்கும்போது, இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.