தம்பி கேசில் வந்த அப்ரூவர்

என் தம்பி அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியனாக இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே காப்பர் கேபிள் திருட்டுப் போனது. திருடியவன் பழைய இரும்புக் கடையில் கையும் களவுமாக மாட்டினான். தம்பியோடு வேலை பார்த்தவன்தான். மாட்டியவன் சும்மா இருப்பானா? தம்பியும் கூட வந்தான் என்று சொல்லி அப்ரூவர் ஆகிவிட்டான். நடந்ததை ஒளிக்காமல் சொன்னால் அவனுக்கு மன்னிப்பு. அவன் சொன்னதை கோர்ட் நம்பினால் என் தம்பிக்கு ஜெயில். தம்பியின் கேட் பாஸை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி இருந்தது என் மாமியார் ஊரான பூலாம்பாடியில். என் மகளின் காதுகுத்தில் சாம்பார் வாளியோடு பந்திக்குப் பந்தி ஓடிக்கொண்டிருந்தான். அதைச் சொன்னால் எங்கள் வக்கீல், "சொந்தக்காரங்க சாட்சி அவ்வளவா எடுபடாதும்மா" என்றார். மாமன் மச்சான் சொன்னால் எடுபடாது, திருடன் சொன்னால் எடுபடும். இது தெரிந்திருந்தால் காதுகுத்துக்கு நாலு திருடர்களையும் சேர்த்துப் பத்திரிகை வைத்து அழைத்திருப்பேன்.

விசாரணையன்று அப்ரூவர் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கூண்டில் ஏறினான். பார்த்தாலே கும்பிடத் தோன்றும். எங்கள் வக்கீல் ஆரம்பித்தார்.

"கேபிளை அறுத்த ரம்பம் யாருது?"

"எங்க வூட்டுதுங்க சார்."

"தூக்கிட்டுப் போன வண்டி?"

"என் வண்டிங்க."

"கடையில வித்தது?"

"நான்தாங்க."

"அப்ப இவரு என்னதான் பண்ணாரு?"

"அவன்தாங்க சார் திருடுனான்!"

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது.

கூட்டாளியின் சொல்லை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது, அதைத் தாங்கிப் பிடிக்க வேறு சாட்சியம் வேண்டும், இங்கே அப்படி எதுவும் இல்லை என்றார் நீதிபதி. தம்பிக்கு விடுதலை. அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

தீர்ப்பு நகலை எடுத்துக்கொண்டு, வேலையைத் திரும்பக் கேட்க நானும் தம்பியோடு ஆலைக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி உடுப்பில் உட்கார்ந்திருந்தான் அப்ரூவர். "வாங்கக்கா" என்று எழுந்து நின்றான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு, இது என்ன நியாயம் என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "அவன் செஞ்ச தப்ப மனசார ஒத்துக்கிட்டவம்மா. கோர்ட்டே மன்னிச்சிடுச்சு. உங்க தம்பி கடைசி வரைக்கும் எதையுமே ஒத்துக்கலையே!"

செய்யாததை எப்படி ஒத்துக்கொள்வான் என்று கேட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நின்றோம். தம்பி கேட்டான்:

"ஏங்க்கா, நானும் திருடுனேன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, வேலையாவது மிஞ்சியிருக்கும்ல?"