நத்தை பறந்த காலை

டிப்போவில் அவருக்கு நத்தை என்று பெயர். இரண்டு நகரங்களுக்கு நடுவே ராத்திரி பஸ் ஓட்டுகிறவர்; அவர் வண்டியில் வேகம் காட்டும் முள்ளுக்கே தூக்கம் வந்துவிடும். பயணிகளிடம் வாங்கிய வசவுகளைத் தொகுத்திருந்தால் நல்ல அகராதி ஒன்று தேறியிருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் சக்கரத்தில் சிக்கியதில்லை என்பதை மட்டும் யாரும் வசவோடு சேர்த்துச் சொன்னதில்லை.

அன்று காலை, பிரசவத்துக்கு மகளோடு மறுகோடி நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்த மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, குழந்தை குறுக்கே கிடக்காம். ஆபரேஷன்தான்கிறாங்க. அப்பா முகத்தைப் பாக்காம உள்ளே போகமாட்டேன்னு உங்க மக அடம் பிடிக்கிறா. மதியம் வரைக்கும்தான் பொறுப்பேன்னுட்டார் டாக்டர்."

பஸ் மலையைச் சுற்றும், ஆற்றைச் சுற்றும், அமைச்சர் ஒருவரின் தோப்பையும் மரியாதையாகச் சுற்றும். போய்ச் சேர ராத்திரி முழுக்க ஆகும். விமானத்துக்குத் தோப்பு முதலாளிகளைத் தெரியாது. நேர்கோடு, ஒரு மணி நேரம். போனிலேயே டிக்கெட் போட்டுக் கொடுத்தார் கண்டக்டர்.

"நத்தையண்ணே, அங்க போய் டிரைவரை மெதுவா ஓட்டச் சொல்லிடாதீங்க!"

விமானம் கிளம்பியதிலிருந்து அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. ஒரு மணி நேரம் கழிந்தது. ஜன்னலுக்குக் கீழே ஓர் ஏரி வந்தது, போனது, மறுபடி வந்தது. மூன்றாம் முறை அதே ஏரியைப் பார்த்ததும் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, உங்க டிரைவர் தூங்கிட்டாரா? அங்க என் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா. இதுக்கு மாட்டுவண்டியே தேவலை!"

சொன்ன பிறகுதான் அந்த மாட்டுவண்டி யாருடைய வசனம் என்று உறைத்தது. போன வாரம் பஸ்ஸில் ஜன்னலோரச் சீட்டுக்காரர் அவரைப் பார்த்துச் சொன்னது. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

"ஏர்போர்ட்டுல ஒரே பனி சார். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாம கேப்டன் இறக்கமாட்டார். எத்தனை பேர் திட்டினாலும்" என்றாள் அவள்.

நத்தை சாய்ந்து உட்கார்ந்தார். காலும் பிரேக்கிலிருந்து இறங்கியது.

பனி விலகி, விமானம் பூப்போலத் தரை தொட்டது. கதவருகே நின்ற விமானியை எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே கடந்தார்கள். அத்தனை அவசரத்திலும் நத்தை ஒரு நொடி நின்றார்.

"தம்பி, நானும் டிரைவர்தான், பஸ்ஸுக்கு. மேலே உங்களைத் திட்டிட்டேன். பத்திரமா கொண்டுவந்து சேத்தீங்க. நல்லா இருக்கணும்."

விமானி சிரித்தார். "இப்படி யாருமே சொன்னதில்லைங்க."

"தெரியும் தம்பி" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

ஆபரேஷன் அறை வாசலில் மகளைப் படுக்கவைத்த தள்ளுகட்டில் நின்றது. பக்கத்தில் டாக்டர், பொறுமையின் கடைசிச் சொட்டில்.

"ஏம்பா இவ்வளவு லேட்டு?" என்றாள் மகள்.

"என்னை மாதிரி ஒருத்தர் ஓட்டினார்மா."

அவள் அவர் கையை அழுத்திப் பிடித்துவிட்டு நர்ஸைப் பார்த்தாள்.

"போலாம் சிஸ்டர். டாக்டரையும் எங்கப்பா மாதிரியே மெதுவா ஓட்டச் சொல்லுங்க."