ஸ்டோர்ஸ் ஸ்டிக்கும் டிஸ்பாட்ச் ஸ்டிக்கும்

1. வியாழக்கிழமை

காலை பத்து மணிக்கு ஹெச்.ஆர். சிஸ்டம் பாதி ரிப்போர்ட்டில் உறைந்து நின்றது. மவுஸ் நகரவில்லை. என் பின்னால் ஸ்டோர்ஸ் குமுதா நின்றிருந்தார்.

"இன்னா சார், மறுபடியும் மாட்டிக்கிச்சா?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். கம்பெனி ஊருக்கு வெளியே புதிய ஆலைக்கு மாறியபோது பாதிப் பேர் அங்கே போனார்கள், பாதிப் பேர் வேலையை விட்டார்கள். கடைசியில் எங்கள் மாடியில் இரண்டே பேர் மிச்சம். சிஸ்டங்களைக் கழற்றிக் கட்ட நான், சரக்கை எண்ணி ஒப்படைக்க குமுதா. கேன்டீனையும் மூடிவிட்டதால் மதியம் என் மேஜையில்தான் இருவரும் டப்பா திறப்போம்.

குமுதாவுக்குப் பூந்தமல்லியில் வேறு வேலை கிடைத்திருந்தது. மறுநாள் சேர வேண்டும்.

"சர்வீஸ் சர்ட்டிபிகேட் இல்லாம உள்ளயே வராதேன்னுட்டாங்க சார். மேனேஜர் நாலு மணிக்குப் பூடுவாரு."

மேனேஜர் வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வருவார். அன்று கையெழுத்து வாங்காவிட்டால் அந்த வேலை போய்விடும். சர்வீஸ் விவரமெல்லாம் அந்தப் பழைய சிஸ்டத்தில்தான் இருந்தது. உள்ளே இருந்ததோ ஒரே ஒரு இரண்டு ஜிபி ராம், அதாவது நினைவகப் பட்டை. அதற்கே வயதாகிவிட்டது.

2. எட்டு ஜிபி ஆசை

என் டிராயர் நிறைய பழைய ராம் ஸ்டிக்குகள் உண்டு. ஒருவர் சீட் காலியானால் அவர் சிஸ்டத்தின் ராமைக் கழற்றி, அது எந்த சீட் என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டி வைப்பேன். வேறு யாருக்காவது போடலாம் என்று ஆரம்பித்த பழக்கம். போட்டுக்கொள்ள ஆள் இல்லாமல் போன பிறகும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

அதிலிருந்து நாலு ஜிபி ஸ்டிக் இரண்டு எடுத்தேன். ஒன்றில் 'ஸ்டோர்ஸ்' என்று இருந்தது. குமுதா போவதால் முந்தின நாளே அவர் சிஸ்டத்திலிருந்து கழற்றியது. மற்றது 'டிஸ்பாட்ச்', சரக்கு அனுப்பும் பிரிவுடையது. இரண்டும் டிடிஆர்-3 என்ற ஒரே வகைதான். ஆனால் கம்பெனி வேறு, வேகமும் வேறு: ஒன்று 1333, இன்னொன்று 1600. வேகம் கூடியது குறைந்ததற்கு இறங்கி ஓடும், பெரும்பாலும் தொல்லை இல்லை. பழையதை எடுத்துவிட்டு, தங்க நிறப் பற்களில் தூசு துடைத்து இரண்டையும் சொருகினேன். திரையில் எட்டு ஜிபி என்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆச்சும்மா" என்றேன்.

பத்து நிமிடத்தில் சிஸ்டம் செத்து நீலத் திரை வந்தது. மறுபடி ஆன் செய்தேன், மறுபடி நீலம். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, இன்னும் அந்த டப்பாவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கியா?"

ஹார்ட் டிஸ்க், டிரைவர், சாக்கெட் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ராமை மட்டும் சந்தேகப்படவில்லை. எட்டு ஜிபியைக் கண்ணால் பார்த்துவிட்டேனே! அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவும் திறக்கவில்லை. மூன்று மணிக்குத்தான் புத்தி வந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். டிஸ்பாட்ச் மட்டும் போட்டால் நன்றாக ஓடியது. ஸ்டோர்ஸ் மட்டும் போட்டாலும் நன்றாக ஓடியது. சேர்த்தால்தான் ஒத்துவரவில்லை.

3. பத்து நிமிடம்

ஸ்டோர்ஸ் ஸ்டிக் மட்டும் இருந்தபோது ரிப்போர்ட் முழுதாகத் திறந்தது. குமுதாவின் பெயர், பதினெட்டு வருட சர்வீஸ், எல்லாம் திரையில் இருந்தது. பிரின்ட் கொடுத்தால் முடிந்தது. மணி மூன்று இருபது.

நான் பிரின்ட் கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவை செக் பண்ணிடறேன்" என்று சொல்லி சிஸ்டத்தை அணைத்து, ஒத்துவராது என்று தெரிந்த டிஸ்பாட்ச் ஸ்டிக்கையும் சேர்த்துச் சொருகினேன். எதிர்பார்த்தபடி நீலத் திரை வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்தச் சர்ட்டிபிகேட் வராவிட்டால் குமுதா மாதக் கடைசி வரை இங்கேயே இருப்பார் என்று மனது சொன்னது. அந்த மாடியில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது இதுதான்.

பத்து நிமிடம் அப்படியே போனது. குமுதா பின்னால் நின்றிருந்தார், அவசரப்படுத்தவில்லை. படிக்கட்டில் மேனேஜர் பையை ஜிப் போடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் டிஸ்பாட்ச் ஸ்டிக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

மூன்று ஐம்பதுக்குத் தாள் வெளியே வந்தது. குமுதா ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது "வரேன் சார்" என்றார், அவ்வளவுதான்.

4. மறுநாள்

மறுநாள் ஒரு மணிக்கு டப்பாவைத் திறந்தேன். பிடிக்காமல் மூடிவிட்டேன். போன் அடித்தது. குமுதாதான்.

"சாப்டீங்களா சார்?"

"ஆச்சும்மா" என்று பொய் சொன்னேன். வேலையெல்லாம் எப்படி என்று விசாரித்தேன். பிறகு அடக்க முடியாமல், "நேத்து ஒரு பத்து நிமிஷம் நான் வேணும்னேதான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். ரிப்போர்ட்டு ஓப்பன் ஆனதைப் பாத்துகினுதான நின்னேன்."

"அப்புறம் ஏம்மா ஒண்ணும் சொல்லல?"

அந்தப் பக்கம் லேத் மெஷின் சத்தம் குறைந்தது, தள்ளி வந்து பேசினார்.

"இன்னா சார் சொல்றது? எனக்கும்தான் போவ மனசு வரல."

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயம் உண்டு. வெவ்வேறு ராமைக் கலந்தால், திரையில் நம்பர் வந்துவிட்டது என்று மூடியை மூடாதீர்கள். மெமரி டெஸ்ட்டை முழுசாக ஓடவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். பழுது எதுவென்று தெரிந்துவிட்டால், அந்த நிமிடமே அதைக் கழற்றிவிடுங்கள். பின்னால் ஒருவர் பேசாமல் நின்றுகொண்டிருப்பார்.

போனை வைத்தபின் டப்பாவை மறுபடி திறந்தேன். சோறு ஆறிப் போயிருந்தது. முழுவதும் சாப்பிட்டேன்.